உப்புத் தின்ற பிக்கப்

ஒன்ராறியோவில் முதல் பனி கொட்டுகிற கிழமை, பாவித்த வாகனச் சந்தை சூடு பிடிக்கும். ஒக்ரோபர் வரை யாரும் திரும்பிப் பாராத பழைய பிக்கப்கள் குளித்து, மெழுகு பூசி, ரயருக்குக் கறுப்புத் தீட்டி, விளம்பரப் படத்துக்கு நிற்கும். எல்லாப் படத்துக்கும் கீழே கிட்டத்தட்ட ஒரே வசனம்தான்: நாலு சில்லும் இழுக்கும், பனிக்குத் தயார். நேரில் போனால் விற்பவரும் அதையே சொல்வார். "அண்ணை, இது ஃபோர் பை ஃபோர். எந்தச் சினோவிலயும் போகும். யோசிக்காம எடுங்கோ."

போகும் என்பதில் பொய் இல்லை. நிற்குமா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. பனிப்பாதையில் எஞ்சினின் விசை நாலு சில்லுக்கும் போனால் வண்டி சறுக்காமல் கிளம்பும், மேட்டில் ஏறும், வீட்டு வாசலில் பனி அள்ளும் வண்டி குவித்துவிட்டுப் போன குவியலைத் தாண்டும். பிறேக்கை மிதித்த கணத்தில் அந்த அனுகூலம் முடிந்துபோகிறது. பிறேக் எல்லா வாகனத்துக்கும் நாலு சில்லிலும் உண்டு. வண்டியை நிறுத்துவது ரயரின் றப்பருக்கும் தரைக்கும் இடையில் உள்ள பிடிமானம். இரண்டு தொன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு பிக்கப், சிவப்பு விளக்குக்கு முன்னால் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியில், ஒரு சின்னக் கொரோலாவைவிட எந்த விதத்திலும் கெட்டிக்காரன் அல்ல.

ஆகவே என் வரிசை வேறு. முதலில் வண்டியின் சேசி. அடுத்தது ரயர். மூன்றாவது அது தயாரான ஆண்டு. ஃபோர் பை ஃபோர் நாலாவது இடத்தில்தான் வருகிறது. நிறம், தோல் இருக்கை, பெரிய திரை எல்லாம் விலை பேசி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கும் முன்னால், பிக்கப் உண்மையிலேயே தேவைதானா என்று ஒரு தடவை யோசியுங்கள். கூரை வேலை, வீடு திருத்தும் வேலை, பனி அள்ளும் ஒப்பந்தம், கேற்றறிங் என்று சாமான் ஏற்றி இறக்குகிற தொழில் செய்பவருக்கு அது கருவி. மார்க்கத்திலிருந்து ரொறன்ரோ நகர மையத்துக்கு வேலைக்குப் போய்வர மட்டும் என்றால், நாலு நல்ல பனிக்கால ரயர் போட்ட சாதாரணக் கார் அதைவிடப் பத்திரமானது. வெறும் பின்பெட்டியோடு ஓடும் பிக்கப்பின் எடையில் பாதிக்கு மேல் முன்பக்கம் இருக்கிறது. உந்தித் தள்ளவேண்டிய பின்சில்லுகள் தரையை அழுத்தப் பாரமில்லாமல் நிற்கின்றன. பனியில் பிக்கப்பின் வால் முதலில் விலகுவது இதனால்தான்.

ஹூரன் ஏரிக்கு அடியில் இருந்து வருவது

ஒன்ராறியோவின் மேற்குக் கரையில் கோடறிச் என்று ஒரு சின்ன ஊர். 1866இல் அங்கே எண்ணெய் தேடித் துளையிட்டவர்களுக்கு உப்புத்தான் கிடைத்தது. இன்று அங்கே ஹூரன் ஏரிக்கு அடியில், சுமார் 550 மீற்றர் ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம் இயங்குகிறது. அங்கே வெட்டியெடுக்கும் உப்பில் பெரும்பகுதி வீதிக்குத்தான் போகிறது. கனடா முழுவதிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் தொன் உப்பு வீதிகளில் கொட்டப்படுவதாகக் கூட்டாட்சி அரசின் சுற்றாடல் அமைச்சு கணக்கிட்டிருக்கிறது.

உப்பு பனியை உருக்கி உயிரைக் காக்கிறது. அதே உப்பு வாகனத்தைத் தின்கிறது. வெறும் தண்ணீர் பட்ட இரும்பு காய்ந்துவிடும். உப்புத் தண்ணீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் கறள் பிடிக்கும் வேதிவினை பல மடங்கு வேகமாக நடக்கும். இப்போது பல இடங்களில் வீதிக்குத் தெளிக்கும் கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் கரைசல்கள் இன்னும் மோசம். அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் இரும்பின்மேல் காயாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். குளிர் கடுமையாக இருக்கும் நாளைவிட, பூச்சியப் பாகைக்குச் சற்று மேலே ஏறி எல்லாம் உருகி ஓடும் நாளில்தான் கறள் அதிகம் வளர்கிறது. சூடாக்கிய கராஜுக்குள் கழுவாமல் நிறுத்திவைத்த வண்டி, வெளியே குளிரில் நின்ற வண்டியைவிட விரைவில் இற்றுப்போவதும் இதனால்தான்.

காரில் கறள் பிடித்தால் கதவோரம் அசிங்கமாகும். பிக்கப்பின் கதை வேறு. பெரும்பாலான பிக்கப்களில் எஞ்சின், அறை, பின்பெட்டி, சில்லுகள் எல்லாவற்றையும் தாங்குவது ஏணி வடிவில் அமைந்த ஓர் இரும்புச் சேசி. அது இற்றுப்போனால் மிச்சம் எதற்கும் பொருளில்லை. இது சின்னக் கம்பனிகளுக்கு மட்டும் வந்த வினையும் அல்ல. நூற்றாண்டு ஓடும் என்று எங்கள் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் ரொயோட்டாவுக்கே வந்தது. 1995 முதல் 2000 வரையான ரக்கோமா பிக்கப்களின் சேசி அளவுக்கு மீறிக் கறள் பிடித்ததால், 2008இல் அமெரிக்காவில் அந்த நிறுவனம் மோசமான வண்டிகளைச் சந்தைப் பெறுமதியின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. கதை அதோடு முடியவில்லை. 2005–2010 ரக்கோமா, 2007–2008 ரண்ட்ரா, 2005–2008 செக்கோயா உரிமையாளர்கள் அங்கே தொடுத்த வழக்கு 2016இல் இணக்கத்துக்கு வந்தது. ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகளைப் பரிசோதித்து, தேவையானவற்றுக்குச் சேசி மாற்றிக்கொடுக்க வேண்டியிருந்தது. அதன் பெறுமதி 340 கோடி அமெரிக்க டொலர் வரை போகும் என்று மதிப்பிட்டார்கள்.

இதிலிருந்து ரொயோட்டா வாங்கக்கூடாது என்று முடிவெடுக்க வேண்டாம். சேசி மாற்றிய ரக்கோமா ஒன்று பற்றுச்சீட்டோடு கிடைத்தால், மாற்றாத நல்ல வண்டியைவிட அது மேல். பெயரை நம்பிக் குனிந்து பார்க்காமல் வருவதுதான் தவறு.

ஜி.எம். பிக்கப்களில் வந்தது இதைவிடப் பயங்கரம். 1999–2003 சில்வராடோ, சியரா போன்றவற்றின் பிறேக் குழாய்கள் உப்பில் அரித்து வெடித்ததாக வந்த முறைப்பாடுகளை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு பல ஆண்டுகள் விசாரித்தது. 2015இல், இது ஒரு மாதிரியின் குறைபாடல்ல, உப்புப் போடும் மாநிலங்களில் ஓடும் பழைய வாகனங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள ஆபத்து என்று சொல்லி, திரும்ப அழைக்கச் சொல்லாமலே கோப்பை மூடியது. 2007ஆம் ஆண்டும் அதற்கு முந்தியதுமான வாகனங்களை வைத்திருப்போர் அடிப்பக்கத்தைக் கழுவி, பிறேக் குழாய்களைச் சோதிக்க வேண்டும் என்று ஓர் அறிவுறுத்தல் மட்டும் வந்தது. உரிமையாளர்களுக்கு அந்த முடிவு நீதியாகப் படவில்லை. எனக்கும் படவில்லை. ஆனால் அந்த அறிவுறுத்தல் சரியானது.

குனிந்து பார்க்கும் கலை

ஒரு ரோர்ச் லைற், ஒரு சின்னச் சுத்தியல், அழுக்கானாலும் பரவாயில்லை என்ற பழைய ஜக்கெற். பகல் வெளிச்சத்தில் போங்கள். மழையிலும், புதுப்பனி மூடியிருக்கும்போதும் வண்டி பார்க்க வேண்டாம்.

முதலில் பின்சில்லுக்கு மேலே சேசி வளைந்து ஏறும் இடம். அங்கேதான் சேறும் உப்பும் தங்கும். அடுத்தது லீஃப் ஸ்பிறிங் சேசியோடு பொருந்தும் கொளுவிகள். அதன் பிறகு பெற்றோல் தாங்கியைத் தாங்கும் பட்டிகள், உதிரிச் சில்லு தொங்கும் குறுக்குச் சட்டம், சாரதி பக்கம் சேசியோடு ஓடும் பிறேக் குழாய்கள். செம்மஞ்சள் நிறத்தில் மெல்லிய படலம் இருந்தால் பயமில்லை. பத்து ஆண்டு ஒன்ராறியோவில் ஓடிய எந்த வண்டியிலும் அது இருக்கும். தகடு தகடாக உரிந்தாலோ, சுத்தியலால் தட்டும்போது கணீரென்று இல்லாமல் மொத்தென்று சத்தம் வந்தாலோ, நகத்தால் சுரண்ட இரும்பு பொடியாக உதிர்ந்தாலோ பேச்சு அத்தோடு முடிந்தது. பிறேக் குழாயில் கொப்புளம் போலப் பொருமியிருந்தால் அதுவும் அப்படித்தான். மாற்றலாம், ஆனால் அந்தச் செலவு விலையிலிருந்து கழியவேண்டும்.

மேலே, அறையின் பின்மூலைகளையும் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோனால் இன்னும் நல்லது. தகடு இருக்கவேண்டிய இடத்தில் காந்தம் ஒட்டாவிட்டால் உள்ளே இருப்பது பூசிய மாவு. 2015 முதல் வந்த ஃபோர்ட் எஃப்-150க்கு இந்தக் காந்தச் சோதனை பொருந்தாது, அதன் உடல் அலுமினியம். உடல் கறள் பிடிக்காது என்று அதை வாங்குவோர் நினைப்பது சரிதான். சேசி மட்டும் அதிலும் இரும்பே.

எனக்கு மிகவும் சந்தேகம் தருவது அடிப்பக்கம் முழுக்கப் புதுசாகத் தார்போல் கறுப்புப் பூசிய வண்டி. விற்பதற்கு ஒரு கிழமை முன்னர் அடியில் பூச்சுப் பூசுபவர் எதையோ மூடுகிறார். காய்ந்து இறுகும் அந்தப் பூச்சுக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு விரிசல் விழுந்தால் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே போய் வெளியேற முடியாமல் நின்று அரிக்கும். ஆண்டுதோறும் எண்ணெய் விசிறிய வண்டி அடியில் அழுக்காக, பிசுபிசுப்பாக, பார்க்க அருவருப்பாக இருக்கும். அந்த அழுக்கைக் கண்டால் சந்தோஷப்படுங்கள். உரிமையாளர் கவனமான ஆள்.

இன்னொன்று, பனி அள்ளிய வண்டி. முன்பம்பருக்குப் பின்னால் சேசியில் கனமான இரும்புக் கொளுவிகளோ, புதுசாக அடைத்த போல்ற் துளைகளோ இருக்கிறதா பாருங்கள். முன்னாலிருந்து அறைக்குள் ஓடும் தேவையற்ற வயர், டாஷ்போர்ட்டில் சுவிட்ச் இருந்து எடுத்த துளை, கறள் ஏறிய பின்பெட்டித் தளம் ஆகியவையும் அதே கதையைச் சொல்லும். அந்த வண்டி பல இரவுகள் முன்னும் பின்னுமாகக் கியர் மாற்றி மாற்றி, சில நூறு கிலோ பாரத்தை முன்னச்சில் சுமந்து உழைத்திருக்கிறது. ஓடிய தூரம் குறைவாக இருக்கும். கியர்ப்பெட்டியும் முன்பக்க மூட்டுகளும் களைத்துப்போயிருக்கும். எங்கள் ஆட்களிலேயே பனி அள்ளும் ஒப்பந்தம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அந்த வண்டி அதன் உழைப்பை முடித்துவிட்டது என்பதுதான் விஷயம்.

கறள் குறைந்த வண்டி வேண்டுமானால் மேற்கே பார்க்கலாம். அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் பக்கம் கடுங்குளிரில் உப்பு வேலை செய்யாத நாட்கள் அதிகம், ஆதலால் மணலும் சரளைக்கல்லும் கூடுதலாகப் போடுகிறார்கள். முன்கண்ணாடியில் கல்லடி இருக்கும், சேசி நன்றாக இருக்கும். கண்ணாடி மாற்றுவது சுலபம்.

ரயருக்குக் காசு ஒதுக்குங்கள்

பாவித்த பிக்கப்புக்கு 20,000 டொலர் வைத்திருக்கிற ஒருவர் 19,500க்கு வண்டி தேடுவார். ஒன்ராறியோவில் தனியாரிடம் வாங்கினாலும் 13 வீத வரி கட்டவேண்டும். அதுவும் நீங்கள் கொடுத்த விலைக்கோ, மாகாணம் ஏற்றுக்கொண்ட மொத்தவிலைப் பட்டியலில் உள்ள விலைக்கோ, எது கூடவோ அதற்கு. 16,500 டொலர் வண்டிக்கு வரி 2,145. மிச்சம் 1,355. அதுதான் உங்கள் ரயர்க் காசு, சேசிக்கு எண்ணெய் விசிறும் காசு. காப்புறுதி வேறு. இருபதாயிரம் வைத்திருப்பவர் பதினாறரைக்கு மேல் போகக்கூடாது என்பது என் கணக்கு.

வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது சாதாரண ரயரின் றப்பர் இறுகத் தொடங்கும். பனி கொட்டவேண்டும் என்றில்லை, காய்ந்த குளிர் வீதியிலேயே பிடிமானம் குறையும். பனிக்கால ரயரின் றப்பர் குளிரிலும் இளகியே இருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் பனிப்பூவும் பொறித்திருந்தால் அது பனியில் சோதித்துத் தேறிய ரயர். எம், எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அப்படியொரு சோதனைக்கு உத்தரவாதமில்லை. பிக்கப்களில் பார்க்கும் முரட்டுப் பள்ளம் வெட்டிய சேற்று ரயர்கள் பனிக்கு நல்லதுபோல் தோன்றும். பெரிய கட்டைகளாக நிற்கும் அந்த றப்பர், உறைந்த வீதியில் வழுக்கிக்கொண்டு போகும்.

விற்பவர் பனிக்கால ரயரும் சேர்த்துத் தருகிறேன் என்றால் மகிழ்ச்சிதான், ஆனால் பிறந்த திகதியைப் பாருங்கள். பக்கவாட்டில் டொட் என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கங்கள் கிழமையையும் ஆண்டையும் சொல்லும். 4116 என்றால் 2016ஆம் ஆண்டின் 41ஆவது கிழமை. அது பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் குப்பைக்குப் போகவேண்டியது. ஆழமும் முக்கியம். 4 மில்லிமீற்றருக்குக் குறைந்து தேய்ந்த ரயரைப் பனிவீதியில் பாவிக்கவேண்டாம் என்று கனடாவின் போக்குவரத்து அமைச்சே சொல்கிறது. இரண்டு ரயர் மட்டும் மாற்றுகிற சிக்கனம் வேண்டாம். முன்னுக்கு ஒரு பிடி, பின்னுக்கு ஒரு பிடி என்றால் வளைவில் வண்டி சுழன்றுவிடும். குளிர் 5, 6 பாகை இறங்கும் ஒவ்வொரு தடவையும் ரயர்க் காற்று ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. குறையும். அளவு சாரதி கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது.

கியூபெக்கில் 2008 முதல் பனிக்கால ரயர் சட்டம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான வாகனங்களுக்கு அது கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. பனிக்கால ரயர் போட்டவருக்குக் காப்புறுதியில் கழிவு தரவேண்டும் என்ற விதி மட்டும் 2016 முதல் இருக்கிறது. பலர் அதைக் கேட்டு வாங்குவதில்லை. உங்கள் புரோக்கரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

2011 செப்ரெம்பர் 1 என்ற கோடு

வண்டி வளைவில் சறுக்கத் தொடங்கியதும் கணினி அதை உணர்ந்து, தேவையான ஒரு சில்லுக்கு மட்டும் பிறேக் போட்டு நேராக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. நிலைத்தன்மைக் கட்டுப்பாடு என்று சொல்லலாம், மெக்கானிக்குகள் ஈ.எஸ்.சி. என்பார்கள். 2011 செப்ரெம்பர் 1 முதல் தயாராகும் 4,536 கிலோ வரையான வாகனங்களுக்குக் கனடாவிலும் அமெரிக்காவிலும் அது கட்டாயமானது. ஒற்றை வாகனம் தடம் புரண்டு உயிர் போகும் விபத்துகளை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்பது அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களின் ஆய்வு அமைப்பு கண்ட முடிவு. வால் விலகும் பழக்கமுள்ள பிக்கப்புக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை.

ஆகவே 2012 மாதிரி அல்லது அதற்குப் பிந்தியது. அதற்கு முந்தியதுதான் கைக்கு எட்டும் என்றால், ரண்ட்ராவில் 2007 முதலும் எஃப்-150இல் 2009 முதலும் எல்லா வண்டியிலும் அது உண்டு. மிகக் கனமான பிக்கப்கள் அந்த எடைக்கோட்டைத் தாண்டுவதால் கட்டாயத்துக்குள் வராமல் போகலாம், தனியே பார்க்கவேண்டும். சாவியைத் திருப்பும்போது, சறுக்கும் கார் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். அணையவில்லையென்றால் ஏற்பாடு பழுது.

இனி ஃபோர் பை ஃபோர். பழைய முறையில் முன் அச்சையும் பின் அச்சையும் பூட்டிவிடும். வளைவில் முன்சில்லுகள் கூடுதல் தூரம் ஓடவேண்டியிருப்பதால், காய்ந்த தாரில் அப்படி ஓட்டினால் பற்சக்கரங்கள் முறுகி இறுகும். பனியிலும் சேற்றிலும் மட்டுமே அதைப் போடலாம். 2023 வரையான ரக்கோமா இந்த ரகம். ஒன்ராறியோ வீதியோ ஐந்து நிமிடம் பனி, ஐந்து நிமிடம் ஈரம், அடுத்த திருப்பத்தில் காய்ந்த தார். அதற்குப் பொருத்தம் தானாகவே இணைந்து விலகும் முறை. திருகியில் ஓட்டோ என்று ஓர் இடம் இருக்கும். சில்வராடோவிலும் எஃப்-150இலும் விலைகூடிய வகைகளில் அதைத் தேடிப் பாருங்கள். எந்த முறையானாலும் சோதனை ஓட்டத்தில் எல்லா நிலைக்கும் மாற்றிப் பாருங்கள். கோடை முழுவதும் தொடாமல் விட்ட இணைப்பு பனிக்காலத்தில் இறுகிப்போய் நிற்பது வழமை. மாற்றிச் சோதிக்க ஒரு சரளைத் தரிப்பிடம் போதும்.

பெரிய ரயர் போட்டு, சேசியைத் தூக்கிவைத்த பிக்கப்களை இளையோர் விரும்புகிறார்கள். பாரம் உயர உயரக் கவிழும் ஆபத்து கூடும், பெரிய ரயர் நிற்க நேரமெடுக்கும், முன்னால் வருபவர் கண்ணும் கூசும். தம்பிமாருக்கு என் ஒரே வார்த்தை: வேண்டாம்.

எதை எடுப்பது

என் முதல் தெரிவு சிலருக்குச் சிரிப்பாக இருக்கும். ஹொண்டா றிட்ஜ்லைன். ஏணிச் சேசி இல்லாத, கார் போலக் கட்டிய பிக்கப். தேவைக்கேற்பத் தானாகவே பின்சில்லுகளுக்கு விசை அனுப்பும். முதல் தலைமுறையின் ஆரம்ப ஆண்டுகளில் அது ஒன்ராறியோ அலிஸ்ரனில்தான் தயாரானது. கனமான ட்ரெய்லர் இழுப்பவருக்கும் பெரிய பாரம் ஏற்றுபவருக்கும் சரிவராது. ஏணியும் மரமும் கொஞ்சம் ஓடும் ஏற்றுகிற ஆளுக்குத் தாராளம். அதன் எஞ்சினில் ரைமிங் பெல்ற் உண்டு. 160,000 கிலோமீற்றர் தாண்டியிருந்தால் மாற்றிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.

பெரிய பிக்கப் வேண்டுமானால், அலுமினிய உடல் வந்த பிறகான எஃப்-150, சேசியைப் பார்த்து எடுக்கக்கூடியது. 2004–2008 எஃப்-150இன் 5.4 லீற்றர் எஞ்சினைத் தவிர்த்துவிடுங்கள். அதன் ஸ்பார்க் பிளக்குகள் கழற்றும்போதே உடைந்து உள்ளே நின்றுவிடும். சில்வராடோவின் 5.3 லீற்றர் எஞ்சின் நல்லதுதான். பெற்றோல் மிச்சம் பிடிக்கச் சில சிலிண்டரை நிறுத்தும் ஏற்பாடு 2007இலிருந்து வந்த பிறகு, லிஃப்ரர் உடைந்த கதைகள் நிறையக் கேட்கலாம். எஞ்சினில் டிக் டிக் சத்தம் வந்தால் விலகுங்கள். றாம் பிக்கப்பின் ஹெமி எஞ்சினில் புகைக்குழாய் போல்ற்கள் முறியும். அதுவும் குளிரில் கிளப்பும்போது டிக் என்றுதான் கேட்கும், ஆனால் திருத்தக்கூடிய வினை. 2005–2010 நிசான் ஃப்றொன்ரியரில் ரேடியேற்றர் உள்ளே கசிந்து கூலன்ற் கியர்ப்பெட்டிக்குள் கலந்துவிடும். ரேடியேற்றர் மாற்றிய சீட்டு இல்லாத வண்டி வேண்டாம்.

டீசல் பிக்கப் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நீண்டதூரம் பாரம் இழுக்காதவர் தொடக்கூடாது. குறுந்தூர நகர ஓட்டத்தில் அதன் புகைவடிகட்டி அடைக்கும், கடுங்குளிரில் எரிபொருள் களிபோல இறுகும்.

வண்டி பார்க்கப் போகும்போது ஒரு நிபந்தனை வையுங்கள்: நான் வரும்வரை எஞ்சினைக் கிளப்பவேண்டாம். போனதும் பொனெற்றில் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் கேள்வி கேளுங்கள். எஞ்சினின் உண்மைக்குணம் குளிரில் கிளப்பும் முதல் அரை நிமிடத்தில்தான் தெரியும். பற்றரியும் அப்படித்தான், மைனஸ் 18இல் அதன் கிளப்பும் வலுவில் ஏறத்தாழ 60 வீதம் போய்விடும். பத்து நிமிடம் ஓடியபின் கண்ணாடிக்குச் சூடான காற்று வருகிறதா, உள்ளே இனிப்பான மணம் அடிக்கிறதா என்று பாருங்கள். இனிப்பு மணம் கூலன்ற் கசிவு. முன்சட்டத்தில் பிளக் ஒன்று தொங்கினால் எஞ்சின் சூடாக்கி பொருத்தியிருக்கிறது. வின்னிப்பெக்கிலிருந்து வந்த வண்டியில் பெரும்பாலும் இருக்கும், சட்பரி பக்கம் குடியேறுபவருக்கு அது தேவையும்கூட.

கடதாசி

ஒன்ராறியோவில் தனியார் விற்பவர், மாகாண அரசின் பாவித்த வாகனத் தகவல் பொதியை வாங்குபவருக்குத் தரவேண்டும் என்பது சட்டம். விலை 20 டொலர். முந்திய உரிமையாளர்கள், பதிவான ஓட்டத் தூரம், வண்டிமேல் கடன் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். ஒன்ராறியோவுக்கு வெளியே நடந்தது வராது. மேற்கிலிருந்து வந்த வண்டிக்குக் கார்ஃபக்ஸ் அறிக்கை தனியே எடுக்கவேண்டும்.

சேஃப்டி சான்றிதழ் இருக்கிறது என்று சொல்லி விற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அது 36 நாள் மட்டும் செல்லும். சோதித்த அன்று வண்டி குறைந்தபட்சத் தரத்தை எட்டியது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. மூன்றாம் மாதம் பிறேக் குழாய் வெடித்தால் அந்தக் கடதாசியை எங்கும் காட்டமுடியாது. டீலரிடம் வாங்கினால் அவர் மாகாணத்தின் வாகன விற்பனை ஒழுங்காற்றுச் சபையான ஒம்விக்கில் பதிவானவரா என்று பாருங்கள். பதிவான டீலர் விபத்து வரலாற்றை மறைக்கக்கூடாது, ஏமாற்றினால் ஈட்டு நிதியும் உண்டு. தனியாள் வேடத்தில் மாதம் நாலு வண்டி விற்கும் பேர்வழியிடம் இவை ஒன்றும் இல்லை. உரிமைப்பத்திரத்தில் உள்ள பெயரும் அவர் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்ப்பது மரியாதைக் குறைவல்ல. டீலரிடம் கையெழுத்து வைத்தபின் மனம் மாறித் திருப்பிக் கொடுக்க ஒன்ராறியோவில் கால அவகாசம் எதுவும் இல்லை. ஊர்க்காரர், உறவுக்காரர், கோயிலில் தெரிந்தவர் என்று எங்கள் ஆட்கள் இந்தக் கேள்விகளை எல்லாம் விழுங்கிவிடுவது வழக்கம். கோயிலில் தெரிந்தவரின் வண்டியிலும் உப்பு வேலை செய்யும்.

வாங்கியான பிறகு, பின்பெட்டியில் பின் அச்சுக்கு நேர்மேலே நாலைந்து மணல்மூட்டை வைத்துக் கட்டுங்கள், 120 கிலோ அளவில். கட்டாத மூட்டை அவசர பிறேக்கில் முன்னோக்கிப் பாயும். சில்லு புதைந்தால் அதே மணலைத் தூவலாம். பனி கொட்டி முடிந்து வெயில் வந்த நாளில் அடிப்பக்கத்தைக் கழுவி, ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் விசிறுங்கள். ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து பனிப்புயல் அடிக்கும் நாளில் நெடுஞ்சாலை 400இல் பரிக்குப் போகவேண்டியிருந்தால் முதலில் 511இல் வீதிநிலை பாருங்கள். நீல விளக்குச் சுழலும் பனி அள்ளும் வண்டிகளை ஊடறுத்து முந்தவேண்டாம்.

காசு கைமாறும் முன்னர், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு கராஜில் வண்டியை லிஃப்ரில் ஏற்றிப் பார்க்கக் கேளுங்கள். அந்தச் செலவை நீங்களே கொடுங்கள். விற்பவர் சம்மதிக்காவிட்டால் காரணம் கேட்டு நேரத்தை வீணாக்காமல் வாருங்கள். வேறு பிக்கப் கிடைக்கும்.